மிளகாய்க் கிட்டங்கியில் ஒரு படகு

இன்று காலை நம் மகள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல் அடைக்க ஒருவர் வந்திருந்தார். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். மாடிப்படி வழியாக ரெசின் பசை வாடை இறங்கி வந்தது. தித்திப்பும் காட்டமும் கலந்து தொண்டையைப் பிடிக்கும் அந்த வாடை உங்களுக்குத் தெரியாததா? கரண்டியை வைத்துவிட்டு மேலே போனேன். அவர் ஒரு வாளி நிறையக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த வெயிலுக்கு அம்புட்டையும் ஒண்ணாக் கலந்தா கல்லாயிரும்ப்பா. கொஞ்சங் கொஞ்சமாக் கலங்க" என்றேன்.

"இதெல்லாம் ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார்.

பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. உங்களுக்குக் கடிதம் எழுதிப் பழகிய கை இது. பதினோரு வருஷம் நீலநிற ஏர்மெயில் தாளில் எழுதிய கை. அந்தப் பதிலை உங்களுக்கே எழுதுகிறேன்.

துபாயிலிருந்து நீங்கள் ஒரேயடியாகத் திரும்பி வந்த அந்தப் பங்குனி மாதத்தை நினைத்துக்கொள்கிறேன். பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நாம் ஒரே வீட்டில் இருந்தது மொத்தம் பத்து மாதம். நீங்கள் பேசி அனுப்பிய கேசட்டில் கேட்ட குரல் எனக்குப் பழக்கம். குரலுக்கு உரியவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் குழம்பை எங்கே வைப்பது, எவ்வளவு ஊற்றுவது என்று தெரியாமல் நிற்பேன். நீங்களும் விருந்தாளி மாதிரிதான் இருந்தீர்கள். கதவைத் திறக்குமுன் இருமுவீர்கள்.

அப்புறம் ஒருநாள் லாரியில் அந்தப் படகு வந்தது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் பல வருஷம் வெயிலில் கிடந்த பைபர் படகு. பதினெட்டு அடி நீளம். ஒரு பக்கத்தில் குடம் நுழையும் அளவுக்கு ஓட்டை. மோட்டார் மாட்டுகிற பின்பலகை உளுத்துப்போய், விரலால் அழுத்தினால் ஈரக் கேக்கு மாதிரி உள்ளே போனது. மோட்டார் துருப்பிடித்து இறுகியிருந்தது. பாலவனத்தம் ரோட்டில் சும்மா கிடந்த மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து அதை உள்ளே இறக்கினீர்கள். அருப்புக்கோட்டையில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"ஏலே, குடிக்கவே தண்ணியில்ல. படக எங்கல விடப்போற?" என்று உங்கள் கூட்டாளி கேட்டார்.

"கடக்கரைக்காரவுக வாங்குவாக. புதுசா மாத்திக் குடுத்துட்டாப் போதும். அங்க படகுக் கம்பெனிலதானல இருந்தேன்" என்றீர்கள். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. படகுக் கம்பெனியில் இருந்தவர் படகு செய்யத் தெரிந்தவர்தானே. என் அண்ணன்மார்கள் பிறந்த ஊர்ப்பக்கம் நரிக்குடி வரைக்கும் அதைத்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

சேமிப்பில் பெரும்பகுதி அந்தப் படகுக்குள் போய்விட்டது எனக்குத் தெரியும். மிதக்காவிட்டால் நீங்கள் மறுபடி விமானம் ஏற வேண்டும் என்பதும் தெரியும். அதனால்தான் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நானும் கிட்டங்கிக்கு வந்தேன். இரண்டு பேருமாகப் பழைய பெயிண்டைச் சுரண்டினோம். சுவரிலும் தரையிலும் ஊறியிருந்த மிளகாய் நெடி ஒரு பக்கம், பைபர் தூசி ஒரு பக்கம். தும்மித் தும்மி மூக்கு சிவந்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கையெல்லாம் ஊறல் எடுத்தது. வேலைக்கு முன்னால் முழங்கை வரைக்கும் பவுடர் பூசிக்கொள்ள வேண்டும், சுடுதண்ணீரில் கழுவக்கூடாது என்பதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஓட்டையை அடைக்கும் நாள் வந்தது. வாளியில் ரெசினை ஊற்றி, கெட்டியாக்கும் மருந்தைச் சேர்த்துக் கலக்கினீர்கள். கண்ணாடி நார்ப் பாயை வெட்டி முடிப்பதற்குள் வாளி புகைந்தது. பிளாஸ்டிக் உருகி, உள்ளே பழுப்பாக ஒரு கல் நின்றது. "மருந்து பழசு போல" என்றீர்கள். மறுநாளும் புகைந்தது. "வெயிலு" என்றீர்கள். மூன்றாம் நாளும் புகைந்தது. படகில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"நான் அங்க படகு செய்யல" என்றீர்கள். "டீ போட்டேன். பதினோரு வருசமும் டீதான் போட்டேன். செய்யிறவுகளுக்குக் கொண்டுபோயிக் குடுப்பேன். கிளாசக் கழுவுவேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த பாயைக் கீழே போட்டேன். டீ போட்டதில் எனக்குக் குறைச்சல் ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கான கடிதம் எழுதினோமே.

"ஊருக்குச் சொன்னீக, சரி. எனக்குமா?"

"ஒனக்குத்தான் எழுதுவேன். 'இங்க டீ போடுறேன்'னு எழுதிட்டு, கிழிச்சிருவேன். ஒன் அண்ணன்மாருக கெவுரவமா நெனச்சுக்கிட்டிருந்தாக."

இரண்டு நாள் உங்களிடம் பேசவில்லை. சோறு வைத்தேன், துணி துவைத்தேன், பேசவில்லை. நீங்களும் கிட்டங்கிப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள், யாரோ ஏஜெண்டுக்குப் போன் பேசிவிட்டு வந்து, பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். அந்த அட்டையைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மறுபடியும் கேசட்டோடு குடும்பம் நடத்த என்னால் முடியாது.

"டீ கொண்டுபோகையில அவுக என்ன பண்ணிக்கிட்டு இருந்தாக? நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தீர்கள்.

"மருந்து கலந்துட்டா டீயத் தொடமாட்டாக. ஆறிப்போயிரும். அது தீந்தாத்தான் திரும்புவாக. அப்புறம் அடுத்தது கலக்குவாக."

"ஒரு டீ ஆறுற நேரந்தான்னா, கொஞ்சமாத்தான் கலந்திருக்காக. வாளியிலயா?"

"இல்ல. தட்டு மாதிரி, அகலமா ஒண்ணு இருக்கும்."

"சோறு சூடாறணும்னா நாங்களும் தாம்பாளத்துலதான் பரப்புவோம்" என்றேன். "வாளிக்குள்ள சூடு அடஞ்சுபோயித்தான் புகையுது."

மறுநாள் விடியக்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும், வெயில் ஏறுமுன், கிட்டங்கிக்குப் போனோம். பழைய தாம்பாளத்தில் இரண்டு கரண்டி அளவுதான் கலந்தோம். புகையவில்லை. பாயை விரித்து, ரெசினைத் தடவி, உள்ளே காற்று நிற்காமல் உருளையால் தேய்த்தோம். ஓரம் ஊதியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும், தோசைக்கல்லில் பார்த்த கண். உளுத்த பின்பலகையை முழுசாக அறுத்து எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்தோம். தினமும் நான் கேட்பேன், நீங்கள் நினைத்துப் பார்த்துச் சொல்வீர்கள். காய்ந்ததும் காசால் தட்டிப் பார்ப்பார்கள், சத்தம் மொத்தையாக வந்தால் உள்ளே ஒட்டவில்லை என்று அறுத்து எடுப்பார்கள் என்றீர்கள். அப்படியே செய்தோம். பதினோரு வருஷம் நீங்கள் பார்த்ததெல்லாம் உங்களுக்குள்ளே இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. படகைத் தாண்டியும் எத்தனையோ சொன்னீர்கள். ஒரு அறையில் பன்னிரண்டு பேர் படுத்தது, பெருநாள் அன்று தனியே கடற்கரையில் உட்கார்ந்திருந்தது. ஒரு கடிதத்திலும் வராத விஷயங்கள்.

மோட்டாரைப் பம்புசெட் மெக்கானிக் ஒருவர் பிரித்துப் பூட்டினார். தண்ணீர் நிறைந்த டிரம்முக்குள் இறக்கி ஓட்டிப் பார்த்தபோது கிட்டங்கியே அதிர்ந்தது. அவர் சொல்லித்தான் வேம்பார்ப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்கிற அந்தக் கடல்காரர் படகு பார்க்க வந்தார். நான் கதவு ஓரம் நின்றிருந்தேன். படகைச் சுற்றி வந்து, குனிந்து அடியைத் தடவிவிட்டு, "நல்ல கைவேலை. அங்க எத்தன வருசம் இதப் பாத்தீக?" என்று கேட்டார்.

'பதினோரு வருஷம்' என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆகாது. ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் வேறு நின்றிருந்தார்கள்.

"அங்க நான் டீ போட்டேன், அண்ணாச்சி" என்றீர்கள். "இந்த வேலைய இங்கதான் படிச்சேன். நானும் இவுகளும்." என் பக்கம் கையைக் காட்டினீர்கள். என்னை 'இவுக' என்று நீங்கள் மரியாதையாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். விற்காமல் போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று. அதற்கு இன்றுவரை எனக்குப் பேர் தெரியாது.

கடல்காரர் இன்னொரு தடவை குனிந்து அடியைத் தடவினார். "அப்ப தண்ணியில காட்டுங்க. உள்ள ஒரு சொட்டு வரக்கூடாது" என்றார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. நரிக்குடிப் பக்கம் என் பிறந்த ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. டிராக்டரில் கொண்டுபோய் இறக்கினோம். கரையெல்லாம் ஜனம். நீங்கள் ஏறி மோட்டாரைக் கிளப்பினீர்கள். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் படகு மறுபக்கம் திரும்பியது. இரண்டு வட்டம் அடித்துவிட்டுக் கரையில் வந்து முட்டினீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். உங்களுக்கு நீச்சலும் தெரியாது.

"இந்தா, நீ வா" என்று கூப்பிட்டீர்கள். "ஒங்க கம்மாயி. எங்க மரம் முங்கிக் கெடக்குன்னு எனக்குத் தெரியாது. நீ பிடி."

என் அண்ணன் கரையிலிருந்து முறைத்தார். நான் முந்தானையைத் தலையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஏறினேன். சின்ன வயதில் நீந்திய தண்ணீர். கருவேல மரங்கள் எங்கே முங்கியிருக்கும், மடை எங்கே என்று எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கைப்பிடியைப் பிடித்தேன், திருப்பினேன். படகு கரையை விட்டுப் போனது. கண்மாயைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றபோது கடல்காரர் உள்ளே இறங்கி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் பழுது பார்க்க இன்னொரு படகையும் அனுப்பினார். அதிலிருந்துதான் நம் பட்டறை. உங்கள் பாஸ்போர்ட் பீரோவுக்குள்ளேயே காலாவதியானது. உங்களுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கிப் பட்டறையை மூடும்வரைக்கும் நாம் ஒரு நாளும் தனித்தனியாக இருக்கவில்லை.

மாடியில் இருப்பவருக்கு இவ்வளவையும் எப்படிச் சொல்வேன்?

நீங்கள் போனபிறகு பல காரியத்தை நானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. செய்கிறேன். ஒவ்வொரு தடவையும், தொடங்குமுன், அந்தக் கண்மாய்தான் கண்ணில் வருகிறது. என் கையில் கைப்பிடியைக் கொடுத்துவிட்டு நீங்கள் முன்னால் போய் உட்கார்ந்தீர்கள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வெள்ளைச் சட்டை காற்றில் உப்பியது. முங்கிய மரங்களுக்கு நடுவே நான் வளைத்து வளைத்துப் போனேன். நீச்சல் தெரியாத மனிதர் நீங்கள், கரை வந்து சேரும்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.