முழங்காலுக்குக் கீழே

ராயபுரம்
5.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் செய்தால் கடையில் கூட்டம் என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

போன வியாழக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் உங்கள் கால் ரத்தக்குழாயைப் படம் எடுக்க நாள் வாங்கியிருந்தேன். நீங்கள் வரவில்லை. அம்மா அனுப்பிய போட்டோவில் சுண்டுவிரல் கறுத்திருக்கிறது. இந்தப் படம் எடுக்கும் மெஷினை இயக்கப் படிக்க வந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த நிறம் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது. ஏன் வரவில்லை?

உங்கள் ஷிஜி

எண்ணூர்
9.8.2024

மகளே,

ஹாஸ்டல் சாப்பாடு பரவாயில்லையா? கால் வலி உண்மைதான். மீன்காரி அங்கம்மாகூட, "இன்னா அண்ணாச்சி, பத்தடிக்கு ஒருதபா நின்னுகினு கீற, வூட்டுக்கு வழி மறந்துட்சா?" என்று கேலி செய்கிறாள்.

ஆனால் தொடை இடுக்கில்தான் ஊசி ஏற்றுவார்களாம். துணியை விலக்கிச் சவரம் செய்வார்களாம். அந்த அறையில் நீ நிற்பாய். என்னால் முடியாது. கால் போனாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது. அம்மாவிடம் சொல்லாதே.

அப்பா
பாஸ்கல்

ராயபுரம்
13.8.2024

அன்புள்ள அப்பா,

இனி அப்படி எழுதாதீர்கள். துணியை விலக்குவது ஆண் நர்ஸ். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பேன்.

முதலில் மருந்து இல்லாமல் ஒரு படம். ஊசியில் ஏற்றிய மருந்து ரத்தத்தோடு ஓடும்போது இன்னொன்று. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கம்ப்யூட்டர் கழித்துவிடும். எலும்பும் சதையும் மறைந்து, ரத்தம் ஓடும் வழி மட்டும் கறுப்புக் கோடாக நிற்கும். நடுவில் கால் அசைந்தால் படம் கலங்கிவிடும்.

போன வாரம் ஒருவருக்குக் கோடு முழங்காலோடு நின்றுவிட்டது. டாக்டர் சொல்லும் முன்பே, காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நான் இருப்பதுதான் தடை என்றால் வேறு ஆஸ்பத்திரிக்காவது போங்கள். நாள் கடத்தாதீர்கள்.

ஷிஜி

எண்ணூர்
24.8.2024

மகளே,

நேற்றுத் தண்டையார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டேன். மருந்து ஏறியதும் கால் தீயாய் எரிந்தது. அசையவில்லை.

டாக்டர் திரையைப் பார்த்தபடியே, "திங்கக்கிழமை வீட்ல பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார். "எனக்கே அம்பத்தெட்டு ஆவுது சார், என்னவிடப் பெரியவங்களுக்கு எங்க போக?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேற்கொண்டு கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

படத்தை டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார்கள். அரிசி வண்டி டிரைவரிடம் இதோடு கொடுத்தனுப்புகிறேன். அந்த டாக்டர் சொல்வதற்கு முன் நீ பார்த்துச் சொல். ஆனால் எழுதி அனுப்பாதே. பிரிக்க எனக்குத் தைரியம் வராது. நாளைக் காலை நேரில் வா. கடையைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா