குழுவுக்கு ஒரு நாள் முன்பாக

பருத்திப்பட்டு, ஆவடி
10 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் சிம்ரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அந்த ஊர் வெயில் உன்னை என்ன பாடுபடுத்துகிறதோ என்றுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசினோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். பேசியது நானா, உன் நைனாவா? உங்கள் பட்டாளப் பயிற்சியில் கொடுக்கிறதே பத்து நிமிஷம். அதில் ஒன்பது நிமிஷம் போன் அவர் கையில், அதுவும் ஸ்பீக்கரில். நான் சொல்ல நினைப்பதை ஸ்பீக்கரில் சொல்ல முடியாது.

இந்தப் புரட்டாசிக்குத் திருப்பதிக்கு நடந்து போகப் போகிறேன். தனியாக.

வருஷா வருஷம் போகிறவள்தானே என்று உனக்குத் தோன்றும். யோசித்துப் பார். நம் தெரு கோவிந்தா குழுவை உன் நைனா ஆரம்பித்தபோது நீ ஆறாம் வகுப்பு. அன்றிலிருந்து குட்டியானை வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். பின்னால் அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை. அவர்கள் நடந்து வந்து சேர்வதற்குள் பொங்கல் வெந்திருக்க வேண்டும். அவர்கள் சாப்பிட்டுக் காலை நீட்டியதும் பாத்திரம் கழுவி ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். பாதயாத்திரை போகிற நாகம்மா என்று பெயர். ஒரு மைல்கூட நான் நடந்ததில்லை.

போன வருஷம் திரும்பி வந்தபோது தெருவில் நடந்தவர்கள் காலுக்கெல்லாம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நானும் போய் நின்றேன். எதிர்வீட்டு தாட்சாயிணி செம்பைச் சாய்க்கப் போனவள் நிறுத்திவிட்டு, "அக்கா, நீ வண்டிலதானே வந்தே?" என்றாள். அவள் மனசில் ஒன்றும் கிடையாது. உள்ளதைத்தான் கேட்டாள். ஆனாலும் அது என்னை விட்டுப் போகவில்லை.

நீ காலேஜுக்குக் கொண்டுபோன நீலப் பை பரண்மேல் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளட்டுமா? நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா


பயிற்சி மையம், ராஜஸ்தான்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வரிசையில் நின்றே படித்துவிட்டேன். என் பெயரைப் பார்த்துவிட்டுப் பஞ்சாபிப் பெண் என்று நினைத்து எல்லோரும் மடமடவென்று இந்தியில் பேசுகிற இடத்தில், இரண்டு பக்கம் தமிழ் படித்தது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

ஆனால் அம்மா, இது வேண்டாம். அது லாரி ஓடுகிற ரோடு. உனக்குச் சர்க்கரை ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம்கூட ஆகவில்லை. நடக்க ஆசையென்றால் குழுவோடு சேர்ந்து நட, தனியாக எதற்கு? நைனாவின் நிலைமையையும் நினைத்துப் பார். கடைசி நேரத்தில் முப்பது பேருக்கு யார் சமைப்பார்கள்? நான் இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு உன்னை நினைத்துப் பயந்துகொண்டிருக்க முடியாது.

அந்தப் பையின் ஜிப்பும் போய்விட்டது.

அன்புடன்,
சிம்ரன்


பருத்திப்பட்டு
29 ஆகஸ்ட் 2024

அன்பு சிம்ரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆவடி மார்க்கெட்டில் கொடுத்துப் பைக்கு வேறு ஜிப் வைத்துவிட்டேன்.

நைனாவிடம் சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாமே சொல்றே? அப்ப சோறு யாரு ஆக்குவா?"

"உன் குழு. நீதான் பாத்துக்கணும்."

"பாதி வழில கால் வலிக்குதுன்னு ரோட்ல குந்திகினு போன் பண்ணுவே. நான் வர மாட்டேன்."

"பண்ண மாட்டேன்யா."

அன்றிலிருந்து பேச்சு இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். மறுநாள் குழுவின் சார்பில் வேலுசாமி சமாதானத்துக்கு வந்தான். "அண்ணி, நீ இல்லாம குழுவே இல்லை. நடக்கணும்னா எங்ககூடவே நடந்து வா. ரெண்டு வேளை மட்டும் ஆக்கிக் குடுத்துடு" என்றான். இதனால்தான் தனியாகப் போகிறேன், கண்ணு. கூட நடந்தால் முதல் நாள் மதியமே கரண்டி என் கைக்கு வந்துவிடும். அவர்கள் கொடுக்கக்கூட வேண்டாம், நானே எடுத்துக்கொள்வேன். பழக்கம் அப்படி.

முப்பது பேருக்கு யார் சமைப்பார்கள் என்று நீயும் கேட்டிருக்கிறாய். நைனா கேட்டபோது எனக்கு வலிக்கவில்லை. நீ பட்டாளத்துக்குப் போகிறேன் என்று நின்றபோது இந்தத் தெருவே வேண்டாம் என்றது. நான் உன்னிடம் கேட்டது எந்த ரயில், எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான். நீயும் அதையேதான் கேட்பாய் என்று நினைத்திருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


பயிற்சி மையம்
7 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மா,

எந்த வழியாகப் போகிறாய்? என்று கிளம்புகிறாய்? ராத்திரி எங்கே தங்குவாய்? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

இனி பை. இங்கே எங்களை முதுகில் மூட்டையோடு நீண்ட தூரம் நடக்க விடுவார்கள். முதல் தடவை நான் ஊறுகாய் பாட்டில், கைக்கண்ணாடி, குளிருக்கு இரண்டு போர்வை என்று அடைத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் தோள் கழன்றுவிட்டது. கூட வந்த மணிப்பூர்ப் பெண் என் பையைப் பிரித்துப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். நீ அப்படிச் செய்யாதே. கொண்டுபோக நினைக்கிற எல்லாவற்றையும் தரையில் பரப்பு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது இல்லாவிட்டால் நடக்க முடியாதா என்று கேள். முடியும் என்றால் அலமாரிக்கே திருப்பி வை. வழியெல்லாம் கடை இருக்கிறது, தண்ணீர் ஒரு பாட்டில் போதும். புடவை நனைந்தால் கனக்கும், காயாது. என் பழைய சுடிதார்களைப் போட்டுக்கொள். வெறுங்காலோடு நடக்காதே, சர்க்கரை இருக்கிறவர்களுக்குக் காலில் புண் ஆகக் கூடாது. ஷூவை இப்போதே வாங்கி வீட்டில் போட்டுப் பழகு. சாக்ஸ் போடும் முன் விரல் இடுக்கில் தேங்காயெண்ணெய் தடவு. மாத்திரையை மட்டும் மறக்கவே கூடாது. பையைக் கட்டியதும் அதோடு பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி வா. எங்கே உறுத்துகிறது என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதே. என் குதிகால் தோல் உரிந்து இப்போதுதான் ஆறுகிறது. நைனாவிடம் சொல்லாதே.

உன்
சிம்ரன்


பருத்திப்பட்டு
20 செப்டம்பர் 2024

அன்பு சிம்ரனுக்கு,

நாளை விடிந்ததும் கிளம்புகிறேன். குழு மறுநாள் கிளம்புகிறது. திருநின்றவூர், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழி. ராத்திரிக்குக் கோயில் மண்டபம், சத்திரம். குழுவுக்குச் சமைத்தபோது பழகிய இடங்கள்தான், எல்லா இடத்திலும் என்னைத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள்.

நீ சொன்ன மாதிரி எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நைனாவின் லுங்கி ஒன்று. வேலுசாமிக்கு மூட்டு வலி வந்தால் தடவத் தைலம். யாராவது கேட்டால் கொடுக்க நாலு துண்டு, ஆறு தட்டு. தனியாகப் போகிறவளுக்கு ஆறு தட்டு! என் கை தானாக எடுத்து வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் திருப்பி வைத்த பிறகு மிஞ்சியது உன் இரண்டு சுடிதார், ஒரு போர்வை, ஒரு தட்டு, மாத்திரை, எண்ணெய். பையைத் தூக்கிப் பார்த்தேன். எதையோ விட்டுவிட்டோம் என்றே தோன்றியது. ஏரியை இரண்டு முறை சுற்றினேன். எதையும் விடவில்லை.

குமணன்சாவடியிலிருந்து ஒரு சமையல்காரரைப் பிடித்திருக்கிறார்கள். நேற்று நான் ஷூ கட்டிப் பழகியதைப் பார்த்துவிட்டு நைனா, "ஷூ மாட்டிகினு போறவளுக்குப் பெருமாள் கதவத் தொறப்பாரா?" என்றார். இத்தனை நாளில் அவர் பேசிய முதல் பேச்சு. அடிவாரத்தில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு படியேறுவேன் என்றேன். சிரித்தாரா முறைத்தாரா தெரியவில்லை.

அம்மா


திருமலை
26 செப்டம்பர் 2024

அன்பு சிம்ரனுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். இடது காலில் ஒரு கொப்புளம், பெரிதாக ஒன்றுமில்லை.

பெரியபாளையம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. உன் சுடிதார் சத்திரத்து மின்விசிறியிலேயே காய்ந்துவிட்டது. வழியில் "தனியாவா வர்றே?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆமாம் என்றால் ஒரு நிமிஷம் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு டீ கொடுப்பார்கள்.

நாகலாபுரத்தைத் தாண்டிப் போகும்போது ரோட்டோரப் புளியமரத்தடியில் நம் வண்டி நின்றது. குழு என்னை முந்திவிட்டிருந்தது. குமணன்சாவடி ஆள் உன் நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறிவிட்டாராம். அண்டாவில் தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. வேலுசாமி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"அண்ணி, பெருமாளே உன்ன அனுப்பிகீறாரு! கரண்டியப் புடி. எல்லாம் பசில சுருண்டுகினு கீறாங்க."

உள்ளதைச் சொல்கிறேன், கை துடித்தது. அண்டாவைப் பார்த்ததுமே எத்தனை படி அரிசி என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இறக்கி வைத்தால் மறுபடி மாட்ட மாட்டேன் என்று தெரியும்.

"நான் நடக்க வந்தேன் வேலு" என்றேன்.

தாட்சாயிணியின் மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது குத்தியது. அப்படியே நடந்துவிடலாம் என்று திரும்பியபோது வண்டிக்குப் பின்னாலிருந்து உன் நைனா வந்தார். என் ஷூவைப் பார்த்தார். சேறு அப்பியிருந்தது.

"எம்மாம் அரிசி போடணும்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"பருப்பு?"

அதையும் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கிண்டினார். முதல் தட்டை எனக்குத்தான் கொண்டுவந்தார். அடி பிடித்திருந்தது, உப்பு போட மறந்திருந்தார். "எப்டி கீது?" என்றார். "நல்லா கீது" என்றேன். முழுவதையும் சாப்பிட்டு, அந்த ஒரு தட்டை மட்டும் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

"எங்ககூடவே வாயேன்" என்றார்.

"நீ இவங்களைக் கூட்டிகினு வா. நான் முன்னால போறேன்."

கரண்டியைக் கையில் வைத்தபடியே கொஞ்ச தூரம் என் கூட வந்தார். "லாரி வரும். ஓரமா போ" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டார். நான் அழுதுகொண்டே நடந்தேன், சிம்ரன். துக்கம் என்றும் சொல்ல முடியாது.

இன்று காலை தரிசனம். கண் நிறையப் பார்ப்பதற்குள் தள்ளி வெளியே விட்டுவிட்டார்கள். உனக்காகவோ நைனாவுக்காகவோ ஒன்றுமே கேட்காமல் வந்துவிட்டோமே என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பப் போய் நிற்கத் தோன்றவில்லை. வந்தேன், பார்த்தேன், போதும்.

உன் குதிகாலைப் பற்றி எழுது. சாயங்கால பஸ்ஸில் ஊருக்குக் கிளம்புகிறேன். குழு நாளைக்குத்தான் மேலே வருமாம், காத்திருக்கப் போவதில்லை.

மதியம் அன்னதானக் கூடத்தில் பெரிய வரிசையில் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள், சோறு வந்தது. சேவைக்கு வந்திருந்த சேலத்துப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "கூட வந்தவங்க எங்கம்மா?" என்று கேட்டாள்.

"யாரும் வரல கண்ணு. இன்னும் ரெண்டு கரண்டி சாம்பார் ஊத்து" என்றேன்.

அன்புடன்,
அம்மா