அறுத்த கட்டை

மிசௌரி, ஏப்ரல்

அன்பே,

கோபப்படாமல் படி. உன் துப்பாக்கியின் தோள்கட்டையை அறுத்துவிட்டேன்.

சனிக்கிழமை பிள்ளைகளுக்கான வான்கோழி வேட்டை தொடங்குகிறது. நம் டிலேனியின் முழங்கையை மடக்கி அளந்து, அவள் தோளுக்குப் பொருந்தும்படி அறுத்து, நுனி ரப்பரைத் திரும்பவும் திருகிவிட்டேன். நேற்று லேசான தோட்டா போட்டுச் சுட வைத்தேன். காகிதத்தில் வரைந்த வான்கோழித் தலை கந்தலாகிவிட்டது.

"அப்பா வந்து திட்டுனா?" என்றாள்.

"திட்டட்டும்டி. நான் பாத்துக்கறேன்."

உன் அண்ணன் வெய்லன்தான் பதறினான். "துண்டையாவது பத்திரமா வை. அவன் வந்ததும் ஒட்டிக்கலாம்."

வைத்திருக்கிறேன், அவள் வளர்ந்ததும் ஒட்டுவதற்கு. நீ சிறையிலிருந்து வீடு திரும்பிய பிறகும் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று நீதிபதி சொன்னபோது வெய்லன் வெளியே நின்றிருந்தான். நான் உள்ளே இருந்தேன்.

இந்த வருடம் பெட்டைபோல் குரல் கொடுத்துப் பறவையைக் கூப்பிட அவன்தான் வருகிறான். அவன் கூப்பிட்டால் வான்கோழிகள் பக்கத்து மாவட்டத்துக்கே ஓடிவிடும். ஆனாலும் வான்கோழிபோல் கூவும் உன் மரப்பெட்டியை அவனுக்குத் தரவில்லை. சாக்கட்டி தேய்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அதைத் தொடக்கூடாது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை.

அடுத்த வசந்தத்தில் நீ கூப்பிடு. அவள் சுடுவாள்.

கையில் இன்னும் மரத்தூளோடு,
உன் மனைவி