மிக்கேல் திருநாளும் என் வலது கால் பெருவிரலும்

ப்ரெஸ்தோவிட்சா,
நவம்பர் 4

அன்பு மகள் நெவெனாவுக்கு, உன் பெரியப்பா வுகாஷின் எழுதுவது. இங்கே உன் பெரியம்மா தெசாங்கா நலம், பசு நலம், புகைபோக்கி நலம், பீப்பாயில் ஊறும் முட்டைக்கோஸ் மிக மிக நலம். என் உடம்பிலும் தலை முதல் கணுக்கால் வரை ஒரு குறையும் இல்லை. அதற்குக் கீழே வலது கால் பெருவிரல் மட்டும் என்னோடு உறவை முறித்துக்கொண்டு தனி நாடாகிவிட்டது. நார்வேயில் நீ பத்து விரல்களோடும் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை விடியும்போது எழுந்து காலைத் தரையில் வைத்தேன். நான் போட்ட கத்தலில் தானூப் நதி கொஞ்ச தூரம் பின்னால் ஓடியதாகக் கேள்வி. விரலின் அடி மூட்டு சிவந்து, கோழி முட்டை அளவுக்கு வீங்கி, அடுப்பு மாதிரி அனலடித்தது, போர்வை நுனி பட்டால்கூட உயிர் போனது. பெரியம்மா கண்ணாடி போடாமலே தீர்ப்புச் சொன்னாள், “ரெண்டு பக்க ஜன்னலையும் திறந்து போட்டு நடுவுல தூங்கினா காத்து அடிக்காம என்ன பண்ணும்?” என்று. அவளுக்குப் பல்வலி முதல் போர் வரை எல்லாவற்றுக்கும் காரணம் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே ஓடும் காற்றுதானே. மற்ற ஒன்பது விரல்களை விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் அடித்தது என்று கேட்டேன். “அதுதானே போர்வைக்கு வெளியில நீட்டிக்கிட்டு இருந்துச்சு!” என்றாள். மேல்முறையீட்டுக்கு வழியே இல்லை. முட்டைக்கோஸ் இலையை உருட்டுக்கட்டையால் அடித்துக் கட்டினாள், வலி கேட்கவில்லை. பிறகு, உனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் செய்வோமே, அதே போல காலுறையை ரக்கியாவில், அந்தப் பிளம் பழச் சாராயத்தில், நனைத்து மாட்டினோம். புட்டியில் பாதி மீதம் இருந்தது. வெளியிலிருந்து ஒரு படை போயிருக்கிறது, உள்ளேயிருந்தும் ஒரு படையை அனுப்பினால் வலி நடுவில் சிக்கிக்கொள்ளும் என்று திட்டம் போட்டுக் குடித்தேன். மறுநாள் காலை கோழி முட்டை வாத்து முட்டையாகியிருந்தது.

பக்கத்து வீட்டு மிலிசாவ், அதுதான் என் சித்தப்பா மகன், காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் ஸ்லாஜனா உன் வயதுப் பெண். ஒரு விரலுக்குள் இத்தனை வியாதி குடியிருக்கலாம் என்று எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கு இருக்கிறதே, எலும்பு புடைத்து விரல் பக்கத்து விரல் மேல் சாய்வது, அது வருஷக்கணக்கில் வருமாம், ஒரே காலையில் வராதாம். மூட்டு தேய்ந்திருக்கலாம், எங்காவது இடித்து எலும்பு விரிசல் விட்டிருக்கலாம், கிருமி புகுந்திருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்று ஜுரம் பார்த்தாள், இல்லை. ஆனால் அவளுக்குச் சந்தேகம், ரத்தத்திலுள்ள யூரிக் அமிலம் துகள் துகளாகி மூட்டில் படிகிற கௌட் என்ற வியாதி மேல்தான். ரத்தப் பரிசோதனையில் அந்த அமிலம் அளவாகத்தான் இருந்தது. வென்றேன் என்று மார்தட்டினேன். “வலி உச்சத்துல இருக்கும்போது அது சில சமயம் அப்படி ஏமாத்தும், பெரியவரே. குடிப்பீங்களா?” என்றாள். சின்னக் கோப்பை ஒன்று என்றேன். “சின்னதுதான் டாக்டர், ஆனா அதுக்கு அடி கிடையாது” என்றான் மிலிசாவ். இந்த வருஷம் குளிர் முந்திவிட்டதால் முந்தின சனிக்கிழமையே பன்றி அடித்ததையும், ஈரல் முழுவதையும் நானே விழுங்கியதையும் அவனே வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டான். ரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிடும், நீரைப் பிரிக்கும் மாத்திரைக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்றாள் டாக்டர். கூட்டாளி கிடைத்த சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

இனி எழுதப்போவதைப் பெரியம்மாவுக்கும் சொல்லவில்லை. தொலைபேசியில் பேசினால் பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் அவசரத் தபால். போன வருஷம் நம் வீட்டு மிக்கேல் திருநாளன்று என் வலது பூட்ஸை எலி கடித்துவிட்டதாக உனக்கு எழுதினேனே, அந்த எலி நான்தான். அன்றைக்கும் இதே விரல்தான். கத்தியால் பூட்ஸின் பக்கத்தைக் கிழித்து, காலைத் திணித்து, பல்லைக் கடித்துக்கொண்டு காலையிலிருந்து கடைசி விருந்தாளி போகும் வரை நின்றேன். திருநாள் மெழுகுவர்த்தியை ஏற்றும் வீட்டுக்காரன் அன்றைக்கு உட்காரக் கூடாது என்பது உனக்குத் தெரியும். இந்த வருஷம் 21ஆம் தேதிக்கு அறுபது பேர் வருவார்கள், அழைக்காமலே வருவார்கள். நேற்று பெரியம்மா பசுவிடம் போயிருக்கிறாள் என்று நினைத்துச் சமையலறையில் நின்று ஒத்திகை பார்த்தேன். பால் பொங்கும் நேரம்கூடத் தாங்கவில்லை, மேசையைப் பிடித்துத் தொங்கினேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் திட்டாமல் விட்டது இதுதான் முதல் தடவை, மகளே, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டுக்குள் ஊசி விட்டு நீரை எடுத்துப் பார்ப்பார்களாம். துகள் தெரிந்தால் கௌட் உறுதி, மருந்து உண்டு, வலி குறையும். ஆனால் “திருநாளன்னிக்கு நாள் முழுக்க நிக்கிறத மறந்துடுங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டாள்.

மிலிசாவ் நேற்று வந்து, “மெழுகுவர்த்தியையும் ரொட்டியையும் எங்க வீட்டுக்கே கொண்டு போயிடலாம் அண்ணே, எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க, நீங்க காலை நீட்டி உக்காந்து சாப்பிடுங்க” என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் ஒரு வருஷம் போன மெழுகுவர்த்தி திரும்பி வந்ததாக இந்த ஊரில் சரித்திரம் இல்லை. உன் அப்பா, என் தம்பி பொகொல்யுப், கண்ணை மூடும் முன் கடைசியாக என்னிடம் கேட்டது இரண்டுதான்: உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இந்த வீட்டில் திருநாள் மெழுகுவர்த்தி அணையக் கூடாது. முதலாவதைச் செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இரண்டாவது ஒரு விரல் மூட்டில் வந்து நிற்கிறது. நான் என்ன செய்ய? அதை வெட்டிப் போடவும் முடியாது, கெஞ்சினாலும் கேட்காது.

பன்னிரண்டு வயதில் நீ மெழுகுவர்த்தியை நான் ஏற்றுகிறேன் என்று கேட்டாய். அது ஆண்பிள்ளை வேலை என்று சொல்லி இந்த மலைகள் அதிரச் சிரித்தவன் நான்தான். இப்போது வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், வா. நீ நில், நான் உட்காருகிறேன். ஊர் முணுமுணுக்கும், மிலிசாவ் மீசையைக் கடிப்பான், பாதிரியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன், நாக்குக்கு இன்னும் வீக்கம் வரவில்லை. விடுப்புக் கிடைக்காது என்றால் அதையும் ஒளிக்காமல் எழுது, இருபதாம் தேதி மெழுகுவர்த்தியை நானே நொண்டிக்கொண்டு போய் மிலிசாவ் கையில் கொடுக்கிறேன், உன்மேல் வருத்தமில்லை. சின்னவளாக நீ என் பாதங்கள் மேல் ஏறி நின்று ஆடப் பழகினாயே, அந்தக் காரணத்தை டாக்டரிடம் நான் சொல்லவே இல்லை.

மிக்கேல் தூதர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், வயிறு நிறையச் சாப்பிடு, ஈரல் மட்டும் வேண்டாம், அது நம் குடும்பத்துக்கு ஆகாது போலிருக்கிறது. மறக்காதே, வருவதானால் குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம், தட்டையாக, மெத்தென்று ஒன்று எடுத்து வா. நாள் முழுக்க நிற்க வேண்டும்.

இடது காலில் மட்டும் நிற்கும்,
உன் பெரியப்பா
வுகாஷின்