நம் வீட்டின் மேல் ஒரு வாகன நிறுத்தம்

அன்புள்ள இடைராவுக்கு,

இதனால் ஹாம்பர்க் நகரத்தில் வசிக்கும் நர்ஸ் அம்மையார் அவர்களுக்கு மிகுந்த பெருமையுடன் அறிவிப்பது என்னவென்றால், நமது நகர சபை கூடி, விவாதித்து, கை தூக்கி, எதிர்ப்பு ஏதுமின்றி, கால்பந்து மைதானத்தில் நிற்கும் நம் கன்டெய்னர் வீடுகளின் வரிசைக்கு நம்பிக்கைத் தெரு என்று பெயர் சூட்டியிருக்கிறது. பெயர்ப்பலகைகூட வந்துவிட்டது. அதை மாட்டத்தான் சுவர் இல்லை. தகரத்தில் ஆணி அடித்தால் மழை உள்ளே வரும் என்பதால் பலகை இப்போதைக்கு என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஆகவே உன் தம்பி நௌசெட் நம்பிக்கையின் மேல்தான் தினமும் படுத்துத் தூங்குகிறான், முதுகு வலிக்கிறது. சொல்வது அம்மா, எழுதுவது நான். படியில் வழுக்கி விழுந்து அவளுடைய வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை, திட்டுவதற்கு வாய்தானே வேண்டும், அது முழு ஆரோக்கியம்.

அவள் முதலில் எழுதச் சொன்ன வரி இது: நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகம், உன் சுகத்தைப் பனிமய மாதா கையில் ஒப்படைத்திருக்கிறோம், அவளுக்கு அதிக வேலை வைக்காமல் நீயும் கொஞ்சம் பார்த்துக்கொள். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்தத் தகரப் பெட்டிக்குள் போன் பேசினால் தெரு முழுக்கக் கேட்கும், போன மாதம் அம்மா உன்னிடம் தன் மலச்சிக்கலைப் பற்றிப் பேசிய மறுநாள் மூன்று வீட்டிலிருந்து அத்திப்பழம் வந்தது. அதோடு இது அப்பா காதில் விழக் கூடாத பேச்சு. அதனால்தான் பொட்டலத்தில் கோஃபியோ மாவுக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவில் வைத்து அனுப்புகிறோம். பாலாடைக்கட்டி ஹெனாரோ மாமா கொடுத்தது, அவருடைய ஆடுகள் மட்டும்தான் எரிமலையை லட்சியமே செய்யாமல் அதே பால் கறக்கின்றன. அதை உன் ஜெர்மன்காரத் தோழிகளிடம் கொடுக்காதே, "அவளுங்க சோப்புன்னு நெனச்சுத் தேச்சுக் குளிச்சிருவாளுங்க" என்கிறாள் அம்மா. கம்பளிக் காலுறை போடு, இரவுப் பணி முடிந்ததும் வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் படுக்காதே, அந்தப் பல் டாக்டர் பையனைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே என்றும் கேட்கச் சொன்னாள். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, வெறுமனே எழுதியிருக்கிறேன்.

இனி விஷயம். அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மேலே போவது உனக்குத் தெரியும். எல்லோரும்தான் போகிறார்கள், அவரவர் வீடு எரிமலைக் குழம்பில் புதைந்த இடத்துக்கு மேலே கரும்பாறையில் துணி விரித்து, உருளைக்கிழங்கும் தொட்டுக்கொள்ள மோஹோவும் வைத்துக்கொண்டு, "இங்கதான்டா நம்ம அடுப்படி" என்று சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். ஆனால் நம் அப்பா சாப்பிடுவதோடு நிற்கவில்லை. மலைமேல் தண்ணீர்த் தொட்டியையும் அந்தக் கோணல் பைன் மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்து நம் மனையின் எல்லையைக் கண்டுபிடித்து, பாறைமேல் சுண்ணாம்பால் புது வீட்டின் அறைகளை எல்லாம் வரைந்து வைத்திருந்தார். உன் அறைக்கு இரண்டு ஜன்னல் போட்டிருந்தார். என் அறையைக் கழிப்பறை பக்கத்தில் தள்ளியிருந்தார், அதை நான் மறக்கவில்லை. பழைய வீட்டின் மேலேயே கட்டுவது, நீ திரும்பி வரும்போது சாவியைக் கையில் கொடுப்பது, இதுதான் அவருடைய ஒரே பேச்சு. கட்ட வேண்டுமென்றால் லாரி போகச் சாலை வேண்டும். சாலை கேட்டு அவர் நகர சபைக்கு நடந்த நடையில் செருப்பு தேய்ந்தது, சபை தேயவில்லை.

இந்த வருஷம் ஐரோப்பாவிலிருந்து மீட்பு நிதி வருகிறது, அதற்கு நகர சபை திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். வெறும் வீடும் சாலையும் என்று எழுதினால் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும், ஸ்மார்ட் சுற்றுலா என்று எழுதினால்தான் மேலே எடுத்து வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே பாறைமேல் நடைபாதை ஒன்று போட்டு அதில் இடத்துக்கு இடம் கம்பம் நட்டார்கள். கம்பத்தில் ஒரு சின்னக் கண். சூடான உடம்பு எதுவும் கடந்து போனால் அது எண்ணிக்கொள்ளும், எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் பார்த்துக்கொள்ளும். எந்த இடத்தில் கூட்டம் அதிகமோ அங்கேதான் முதல் சாலை என்று சபையில் அறிவித்தார்கள். வீட்டுக்காரன் செத்தானா பிழைத்தானா என்று எண்ணாத சபை சுற்றுலாக்காரன் காலை எண்ணுகிறது என்று அப்பா திட்டினார். அவர்கள் போட்டது திட்டம், அப்பா போட்டது திட்டு, இரண்டாவது மட்டும் அச்சில் ஏறவில்லை.

அம்மா அடுப்பில் கொண்டைக்கடலையைப் பார்க்கப் போயிருக்கிறாள், அதனால் இந்த இடத்தை நானே சொந்தமாக எழுதுகிறேன். அக்கா, உன் தம்பி ஒரு மேதை. சூடான உடம்பு என்றுதானே சொன்னார்கள், மனித உடம்பு என்று சொல்லவில்லையே. ஹெனாரோ மாமாவுக்கு முழங்கால் வலி என்பதால் இந்தப் பருவத்தில் மேய்ச்சலுக்கு ஆடுகளை ஓட்டிப் போவது நான்தான். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை, மந்தை முழுவதையும் நேர் வழியில் விடாமல் நடைபாதை மேல் ஏற்றி, நம் மனைக்கு எதிரில் இருக்கும் கம்பத்தைத் தாண்டிப் போகவும் வரவும் வைத்தேன். அங்கேயே வாழை இலையைப் போட்டு நிறுத்தியும் வைத்தேன், ரசித்துப் பார்க்கிற பயணிகள் மாதிரி அசை போட்டுக்கொண்டு நின்றன. குட்டிகளைக்கூட விடவில்லை, குடும்பத்தோடு வந்த சுற்றுலாப் பயணிகள்! சபையின் ஸ்மார்ட் கண்ணுக்கு ஆட்டுக்கும் ஆஸ்திரியாக்காரனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஊரில் எந்தத் தலைவனும் கொண்டுவராத சாலையைத் தாடி வைத்த ஒரு மந்தையை வைத்து நான் கொண்டுவந்தேன்.

வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். அம்மாவும் திரும்பி வந்துவிட்டாள், இனி அவள் சொல்வது. கலாசாரக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள், எரிமலைக்குப் பிறகு முதல்முறையாக அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சுற்றுலாவைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர் ரொசால்பா அம்மையார் திரையில் வரைபடத்தைக் காட்டினார். பாதை முழுக்கப் பச்சைப் பொட்டு, ஒரே ஓர் இடத்தில் ரத்தச் சிவப்பில் பெரிய வட்டம். தண்ணீர்த் தொட்டியும் பைன் மரமும் நேர்க்கோட்டில் வருகிற அதே இடம். "எங்க ஆய்வுல தெரிய வந்தது என்னன்னா, பயணிகள் மனசு இங்கதான் நிக்குது" என்றார். கூடம் கை தட்டியது, நான் எழுந்து நின்று தட்டினேன். முதல் சாலை இங்கேதான் என்றதும் அப்பா அம்மாவின் மாவுக்கட்டுக் கையைப் பிடித்து அழுத்த, அவள் வலியில் கத்தியதை எல்லோரும் மகிழ்ச்சியில் கத்துகிறாள் என்று நினைத்தார்கள். அடுத்த படம் வந்தது. சாலை போய் முடிகிற இடத்தில் வாகன நிறுத்தம், பேருந்து திரும்பும் வட்டம், அதற்கு மேல் கண்ணாடித் தரை போட்ட பார்வை மேடை. நம் மனை முழுவதும் அதற்குள் போய்விட்டது. அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து, "அதெல்லாம் சரிம்மா, என் வீடு எங்க?" என்று கேட்டார். அந்த அம்மையார் கிண்டலாகச் சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் சொன்னார், "உங்க வீடு எங்கயும் போகலைங்க சிப்ரியானோ ஐயா, ஆப்புல இருக்கு. போனை நீட்டுனா அப்படியே தெரியும்." ஆப்பு என்று அவர் சொன்னது எங்கள் விஷயத்தில் மிகச் சரியான சொல். போன வருஷம் நினைவுக்காக என்று கேட்டு வாங்கிப்போன படங்களை எல்லாம் அதில் ஏற்றியிருக்கிறார்கள், அம்மாதான் சந்தோஷமாகத் தேடித் தேடி உன்னிடமிருந்தும் வாங்கிக் கொடுத்தாள். பாறைக்கு நேரே போனைப் பிடித்தால் நம் அடுப்படி தெரிகிறது, உன் அறையில் அந்த மஞ்சள் திரைச்சீலை காற்றில் ஆடுகிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம், நாங்கள் மட்டும் குடியிருக்க முடியாது.

அம்மாவின் சித்தப்பா மகன் வக்கீல் இருக்கிறாரே, அவரிடம் போனோம். மனையைப் பொதுக் காரியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், மாற்று இடம் தருவார்கள், எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றார். திட்டம் நிதிக்குப் போய்விட்டால் ஒரு கோட்டைக்கூட அழிக்க மாட்டார்களாம், அழித்தால் முழுத் தொகையும் கை நழுவும், அப்புறம் பள்ளிக்கூடம், தண்ணீர்க்குழாய் எல்லாமே போகும், அந்தப் பழி நம் தலையில் விழும். "போராடுறதுன்னா போராடலாம், உங்க பேரப்பசங்க காலத்துல தீர்ப்பு வரும்" என்று சிரித்தார், எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அன்றிலிருந்து மேலே போகவில்லை. சுண்ணாம்பு வாளியை லூசியானோவிடம், அதுதான் நமக்குப் பக்கத்துப் பெட்டிக்காரர், கொடுத்துவிட்டார். வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடு என்றால் சாப்பிடுகிறார். ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் "எதுன்னாலும் சரி நியெவெஸ்" என்கிறார். உப்பு குறைந்ததற்கு முப்பது வருஷமாகச் சண்டை போட்ட மனுஷன் உப்பே இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிடுவதைப் பார்க்க முடியவில்லை என்று அம்மா சொல்கிறாள், இதை எழுது, எழுது என்று இரண்டு தடவை சொன்னாள்.

ஆகவே அம்மா உன்னிடம் சொல்லச் சொன்னது இதுதான், நிதானமாகப் படி. ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், வீடு முடிந்ததும் ஊருக்கு வந்துவிடுவேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாய் அல்லவா, இனித் தள்ளிப்போடாதே, போட்டுவிடு. "அவ எங்களுக்காகக் காத்திருக்க வேணாம், நாங்களே எதுக்குக் காத்திருக்கோம்னு எங்களுக்குத் தெரியல" என்றாள். நான் கொஞ்சம் மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன், அப்படியே எழுது என்றாள். அங்கேயே நல்ல வெளிச்சம் வருகிற வீடாகப் பார், ஜன்னல் இரண்டாவது இருக்கட்டும்.

அவள் கண்ணைத் துடைக்கத் துண்டு தேடிக்கொண்டிருக்கிறாள், அதற்குள் ஒரு ரகசியம். இது முடிந்துபோன கதை என்று இவர்கள் நினைக்கிறார்கள். துருப்புச்சீட்டு என் கையில் இருக்கிறது, அக்கா. அந்தச் சிவப்பு வட்டம் முழுக்க ஆடு. நான் நகர சபைக்குள் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வட்டம் காணாமல் போய்விடும், மேடையும் போய்விடும். ஆட்சேபணை சொல்லக் கெடு இன்னும் இருக்கிறது, திங்கட்கிழமை போகிறேன். ரொசால்பா அம்மையார் முகத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

பனிமய மாதா உன்னை மழையிலும் குளிரிலும் கை விடாமல் நடத்தட்டும், நீ தொடுகிற நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும், உன் தட்டில் என்றும் சூடான சோறு இருக்கட்டும் என்று அம்மா ஆசீர்வதிக்கிறாள். மறந்துவிடாதே, வருகிற மாதம் அப்பாவின் பெயர்த் திருநாள், காலையிலேயே போன் செய், வேலையைப் பற்றிக் கேள், வானிலையைப் பற்றிக் கேள், வீட்டைப் பற்றி மட்டும் கேட்காதே.

உன்னைப் பெற்றவள்,
நியெவெஸ்
(இடது கையால் போட்டது, கோழி கிளறியது இல்லை)

அக்கா, அம்மா பொட்டலம் கட்ட நூல் வாங்கப் போயிருக்கிறாள். மேலே துருப்புச்சீட்டு என்று எழுதினேனே, அதை நம்பாதே, வீம்புக்கு எழுதினேன். கெடு போன வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் போனேன். டோக்கன் எடுத்து வரிசையில் உட்கார்ந்தேன், சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். ஆனால் அன்று காலையில் அப்பா கூட்டத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சவரம் செய்துகொண்டிருந்தார், தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த லூசியானோவிடம், "எத்தனையோ வீடு போச்சு, ஆனா அத்தன சனமும் நம்ம வீட்டு மேட்டுலதான்யா நின்னு பாத்துருக்கு. நான் என் கையால கட்டுன வீடுய்யா அது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் கொஞ்சம் பழைய அப்பா இருந்தார். அது என் காதிலேயே இருந்தது. என் எண் திரையில் வந்தது, மேசைக்குப் பின்னால் இருந்த பெண் "என்ன தம்பி வேணும்?" என்று கேட்டாள். பஸ் நேர அட்டவணை வேணும் என்றேன். கொடுத்தாள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போதும் ஆடுகளை நான்தான் ஓட்டிப் போகிறேன், நேர் வழியில்தான். சாயங்காலம் திரும்பி வந்ததும் அப்பா கேட்பது ஒரே கேள்வி, இன்னைக்கு யாராச்சும் வந்து நின்னு பாத்தாங்களாடா? பாத்தாங்கப்பா, நிறைய பேரு, என்கிறேன்.