மாலை ஐந்து நாற்பதுக்கு வந்த பூமி

காலண்டரின் பிப்ரவரி இருபத்தெட்டுத் தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. நாள் வருவதற்கு முன்பே கிழித்துவிட்டேன். கிழித்த இடத்தில் மார்ச் ஒன்று இளித்துக்கொண்டு நின்றது. நீ போன இருபத்தொன்பதைக் காணோம். கணக்கு டீச்சர் நீ, போவதற்கு வேறு நாளா கிடைக்கவில்லை?

ஆவூர் வேதக்கோயில் அலுவலகத்தில் கேட்டார்கள். "ஐயா, அம்மாவோட நினைவுப் பூசைய இருபத்தெட்டுல எழுதவா, ஒண்ணுல எழுதவா?" மகளோ போனில், "ஒண்ணாந் தேதி ஞாயித்துக்கெழமப்பா, எல்லாரும் வந்துருவோம்" என்றாள். இருபத்தெட்டில் நீ உயிரோடு இருந்தாய். கஞ்சியில் உப்பில்லை என்று என்னைத் திட்டினாய். ஒன்றாம் தேதி உன்னை மண்ணுக்குக் கொடுத்தோம். இரண்டில் எது உன் நாள்? போன வருடம் இரண்டு நாளும் பூசை வைத்தேன். இரண்டிலும் மனம் ஒட்டவில்லை.

கோயிலைச் சுற்றி நடந்தேன். ஓய்வு பெற்ற பிறகு தினமும் நாம் நடந்த அதே சுற்று. லீப் வருடம் எதற்கு என்று அங்கேதான் உன்னிடம் கேட்டேன். "இந்தக் கோயில ஒரு சுத்து சுத்த முந்நூத்தி அறுவத்தஞ்சு தப்படியும், மேல கால்வாசியும் ஆகுதுன்னு வைங்க. முழுத் தப்படி மட்டும் வச்சு நின்னா, வாசலுக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுருவீங்க. நாலு சுத்துல ஒரு தப்படி கொறையும். அத ஒண்ணாச் சேத்து வைக்கிறதுதான் இருவத்தொம்பது."

நான் சும்மா இருந்தேனா? "சரியாக் கால்வாசியா?" என்றேன். நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். "துளி கம்மி. அதனாலதான் ரெண்டாயிரத்து நூறுல இருவத்தொம்பது கெடையாது. நூறு நூறா வர்ற வருசத்துல, நானூறால வகுபடுறதுக்கு மட்டும் உண்டு. ஒங்களுக்கென்ன, அப்ப நம்ம ரெண்டு பேருமே இருக்க மாட்டோம்!"

நடந்துகொண்டே இருந்தவன் சட்டென்று நின்றேன். தேதிதானே இல்லை, இடம் இருக்கிறதே! வீட்டுக்கு ஓடி வந்து, இந்தத் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டேன். நீ போனது காலை ஆறு மணிக்கு. பூமி சூரியனைச் சுற்றி அதே இடத்துக்குத் திரும்ப, முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கு மேல் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. அப்படியென்றால் போன வருடம் நீ போன இடத்துக்குப் பூமி இருபத்தெட்டாம் தேதி நண்பகலை ஒட்டி வந்திருக்கிறது. இந்த வருடம் அதே தேதி மாலை ஐந்து நாற்பதுக்கு. இரண்டு வருடம் கழித்து, இருபத்தொன்பதாம் தேதி விடியலில் வரும். இவ்வளவு பெரிய பூமி, உன்னை விட்ட இடத்துக்கு வருடா வருடம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. நான்தான் தேதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இருபத்தெட்டு, சாயந்தரப் பூசை" என்று எழுதச் சொன்னேன். மகளும் சனிக்கிழமையே வந்துவிட்டாள்.

இன்று ஐந்து நாற்பதுக்கு, நாம் சுற்று முடிக்கும் வாசலில் அசையாமல் நின்றேன். "என்னப்பா, உள்ள வாங்க" என்றாள் மகள். "இரும்மா, அம்மா எடம் வந்துருக்கு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

இரண்டு கால்வாசிகள் என்னிடம் சேர்ந்திருக்கின்றன. இன்னும் இரண்டு சேரட்டும். அந்த விடியலில் உனக்காக ஒரு முழுத் தப்படி எடுத்து வைப்பேன்.