ஏழு மணிவரை மூடிவைத்த கிண்ணம்

அலுவிகாரை,
மாத்தளை.
08.02.2026

என் அன்புள்ள மதினிக்கு,

கோத்தகிரியில் இப்போது பனி இறங்கும் காலம். இந்தக் கடிதம் வந்து சேரும் நாளில் நல்ல வெயில் அடித்து, நீங்கள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டும் என்று முத்துமாரியம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் மகள் விதுஷாவும் நலம். அவளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடப் பரீட்சை நெருங்குகிறது. மெலிந்துவிட்டாள். கேட்டால் பரீட்சை என்று ஒருநாளும் சொல்வதில்லை, ஃபேஷன் என்கிறாள்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்களுக்குக் காது மந்தமான பிறகு மருமகள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். போன தடவை நான் இருமியதற்கு உங்கள் அடுத்த வீட்டம்மா கஷாயம் சொன்னார். இந்த விஷயத்தை அப்படிச் சொல்ல முடியாது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், மதினி. அதைக் கடைசியில் கேட்கிறேன். முதலில் புட்டிங்கைப் பற்றி எழுதுகிறேன். அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்கு வார்த்தை வரும்.

எனக்குக் கல்யாணமான வருடம் நீங்கள் ஒன்பது பக்கம் எழுதி அனுப்பினீர்களே, போர்டிங் ஸ்கூல் சமையலறையில் நீங்கள் கற்றுக்கொண்ட அந்தப் பழமும் கிரீமும். முட்டை வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம். பழத்தைச் சீனியோடு வேகவைத்து மசித்து ஆறவிடு, கிரீமை அடித்து அதில் சேர், கரண்டியால் இரண்டு சுற்று, மிஞ்சினால் மூன்று. ‘கோடு கோடாத் தெரியணும். முழுசாக் கலக்கினா அது சுவத்துக்கு அடிக்கிற பெயின்ட்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கங்கள் இன்னமும் என் பூகோள அட்லஸுக்குள் இருக்கின்றன. கொய்யாப் பழப் பக்கத்தில் விதுஷா இரண்டு வயதில் வைத்த விரல் தடம் கொய்யா நிறத்திலேயே காய்ந்திருக்கிறது.

உங்கள் தம்பி டிப்போவில் நேரக்கணிப்பாளராக இருந்தவர். பஸ்ஸுக்குப் பார்த்த நேரத்தை வீட்டுக்கும் பார்த்தார். சரியாக நான்கு மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்கும். அந்த நேரத்துக்குக் கிண்ணம் மேசையில் இருக்க வேண்டும். அவருக்கு ஒன்று, எனக்கொன்று. விதுஷா வளர்ந்த பிறகு மூன்று. ஒன்றுமே சொல்லாமல் சாப்பிடுவார். சரியில்லையென்றால் மட்டும் சொல்வார், அதுவும் உடனே சொல்லிவிட்டு எழுந்துபோய் எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றிக்கொண்டு வருவார்.

அவர் போன பிறகு ஆறு வருடம் நான் புட்டிங் செய்யவில்லை. துக்கம் என்று நினைத்தீர்கள். ஆண்டுத் திதி முடிந்ததும் ‘மாம்பழம் வந்தா செய்யி, புள்ளைக்காகவாவது செய்யி’ என்று எழுதினீர்கள். உண்மையான காரணம் சின்னது. எவ்வளவு குறைத்து அடித்தாலும் இரண்டு கிண்ணத்துக்குக் குறையாமல் வந்துவிடுகிறது. அவர் போன வருடமே விதுஷா பள்ளி விடுதிக்குப் போய்விட்டாள், அந்த இரண்டாவது கிண்ணத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கென்று வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். முறுக்கென்றால் டின்னில் போட்டு உங்களுக்கு அனுப்பியிருப்பேன்.

போன ஜூன் மாதம் பக்கத்து வீட்டு ஸெய்னுலாப்தீன் நானா கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பை நிறையக் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டு முடித்தால் இரண்டரை மணி. அந்நேரம் இந்த வீட்டை நீங்கள் பார்த்ததில்லை. சாதிக்காய் மரத்தின் நிழல் சமையலறைச் சுவரில் மெதுவாக அசையும். தம்புள்ளை பஸ் போகும் சத்தம்கூட வேறு ஊரில் போவதுபோல் கேட்கும். வீடே தண்ணீருக்கடியில் இருக்கிறாற்போல ஒரு பச்சை வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே மாம்பழத்தைத் தோலுரித்துக்கொண்டிருந்தேன். கிரீம் கெட்டியாகி, அடிக்கும் கம்பியின் தடம் அதில் நின்றபோதுதான் புட்டிங் செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. இரண்டு கிண்ணம் வந்தது.

அன்றைக்கு நானாவின் ஆட்டுக்குக் காய்ச்சல். கால்நடை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து ஊசி போட்டார். அவர் டாக்டர் இல்லை, கள உத்தியோகத்தர்தான், ஆனால் ஊரில் எல்லாரும் மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானா வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்று எங்கள் வாசலில் கை கழுவ வந்தார். மேசையில் இரண்டாவது கிண்ணம் இருந்தது. கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டார். கிண்ணத்தைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் பெயர் திவாகரன். வயது ஐம்பத்தொன்று. பலாபத்வலயில் தனியாக இருக்கிறார். மனைவி இறந்து பன்னிரண்டு வருடம், பிள்ளைகள் இல்லை. நம் ஆட்கள்தான், அவருடைய அப்பா எல்கடுவப் பக்கம் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவராம்.

டின் கிரீமில் தகர வாசம் வருகிறது என்று நான் சொன்னதைக் கேட்டு, அடுத்த வாரம் ஒரு போத்தல் பச்சைப்பால் கொண்டுவந்தார். காய்ச்ச வேண்டாம், அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஓர் இரவு ஃபிரிட்ஜில் அசையாமல் வையுங்கள் என்றார். காலையில் திறந்து பார்த்தால் மேலே வெண்ணெய் நிறத்தில் ஒரு தளம் மிதக்கிறது, மதினி. தட்டைக் கரண்டியை அதன் அடியில் நுழைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். நீங்கள் ஒன்பது பக்கத்திலும் கிரீம் கிரீம் என்று எழுதியது இதைத்தான் என்று இத்தனை வருடம் கழித்துப் புரிந்தது.

பிறகு வாரம் ஒரு போத்தல் வந்தது. கொய்யாவில் செய்தேன். பேஷன் பழத்தில் செய்தேன், விதை பல்லில் மாட்டியது. நானாவின் ஆட்டையும் அவர் வாரா வாரம் பார்த்துவிட்டுப் போனார். ஒருநாள் நானா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “டீச்சர், ஆடு நல்லாத்தான் ஈக்கிது. டாக்டருக்குத்தான் சொகமில்ல போல” என்றார். எனக்கு முகம் சுட்டது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் இல்லாத வீட்டில் நின்று சிரித்தேன்.

இப்போது பிழையைச் சொல்ல வேண்டும்.

அன்னாசிப் பக்கத்தின் ஓரத்தில் நீங்கள் சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள், அன்னாசியைக் கட்டாயம் வேகவைத்த பிறகே கிரீமில் சேர்க்க வேண்டும் என்று. நான் அதை ஒருநாளும் செய்ததில்லை. பச்சையாகத் துருவினால் வாசம் நன்றாக இருக்கிறதென்று அப்படியே சேர்ப்பேன். நான்கு மணிக்குக் கால்மணி இருக்கும்போது கலப்பேன், நான்கு மணிக்கு உங்கள் தம்பி சாப்பிட்டுவிடுவார். அவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒருநாளும் தாமதித்ததில்லை. அதனால் நீங்கள் ஏன் சிவப்பு மையில் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஜனவரிப் பௌர்ணமி, போயா விடுமுறை நாள். விதுஷா வீட்டில் இருந்தாள். திவாகரன் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்றேமுக்காலுக்கு அன்னாசியைக் கலந்து மூன்று கிண்ணத்தில் ஊற்றி மூடி வைத்தேன். நான்கு ஆனது. ஐந்து ஆனது. போன் எடுபடவில்லை. லக்கலவில் ஓர் எருமை கன்று போட முடியாமல் கிடக்கிறதென்று காலையில் போனவர். அந்தப் பாதையில் பின்னேரத்தில் யானை இறங்கும். நான் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். கிண்ணத்தைத் திறந்து பார்த்து மூடினேன். விதுஷா புத்தகத்துக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு அவள், “அம்மா, அப்பா அஞ்சு நிமிஷம் பிந்தினாலே நீங்க இப்படித்தான் நடப்பீங்க” என்றாள். குரலில் கேலி இல்லை.

விளக்கு வைத்து, ஏழு மணியாகும்போது மோட்டார் சைக்கிள் வந்தது. முழங்கால்வரை சேறு. எருமை பிழைத்தது, கன்றும் பிழைத்தது, திரும்பும்போது ஒரு யானை இரண்டு மணிநேரம் பாதையில் நின்றதாம். முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தார். கிண்ணத்தை வைத்தேன். முதல் கரண்டியில் ஒரு கணம் நின்றார், பிறகு சாப்பிட்டார். ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார். “நல்லாருக்குங்க டீச்சர்” என்றார். வழக்கம்போல் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு விதுஷா தன் கிண்ணத்தை எடுத்தாள். ஒரே வாய். ஓடிப்போய்த் துப்பினாள். “அம்மா, வேப்பங்காய் மாதிரிக் கசக்குது. அந்த மனுசன் எப்படிம்மா முழுசாச் சாப்பிட்டாரு?”

நானும் தொட்டுப் பார்த்தேன். நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் கசப்பு. உங்கள் சிவப்பு மை அப்போதுதான் புரிந்தது. இருவரும் சமையலறையில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு நான் சிரிப்பை நிறுத்திவிட்டதை அவள் கவனித்தாள். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, தன் கையால் கிண்ணங்களைக் கழுவினாள். கழுவிக்கொண்டே எனக்கு முதுகைக் காட்டியபடி, “அத்தைக்கு எழுதுங்கம்மா. அத்தை என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்” என்றாள்.

அடுத்த தடவை வந்தபோது நான் அவரிடம் கேட்டேன், கசந்ததை ஏன் சொல்லவில்லை என்று. வெகுநேரம் தலைக்கவசத்தின் பட்டியைப் போட்டுப் போட்டுக் கழற்றினார். “ஏழு மணி வரைக்கும் மூடி வச்சிருந்தீங்க. அத எப்படிங்க கசக்குதுன்னு சொல்றது” என்றார். பிறகு அதே மூச்சில், தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று மற்றதையும் கேட்டுவிட்டார். ஒருவரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மகளையா என்றார். இல்லை, கோத்தகிரியில் இருக்கிறார் என்றேன். எவ்வளவு நாளானாலும் பரவாயில்லை என்றார். அதற்குப் பிறகு பாலை நானா வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். எங்கள் வாசலுக்கு வருவதில்லை.

ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வயதில் இவளுக்கு என்ன என்று ஸ்டாஃப் ரூமிலேயே கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அதைத் தாங்கிக்கொள்வேன். உங்கள் தம்பியின் படத்துக்கு முன்னால் நிற்கும்போதுதான் கால் தயங்குகிறது. இன்று காலையிலும் படத்தைத் துடைத்தேன். அவர் கோபமாகவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மணி பார்ப்பவர் போலவே இருந்தார்.

மதினி, அவரை ஏழு வயதுவரை இடுப்பில் சுமந்தவர் நீங்கள். இந்தியாவுக்குக் கப்பலேறியபோது அவரை இங்கே விட்டுப்போனதை நினைத்து நீங்கள் அழாத கடிதம் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு விசா எடுத்து வந்து, எனக்குப் பின்னால் நின்று மூன்றாவது முடிச்சைப் போட்டவர் நீங்கள். அவர் இறந்த அன்று இங்கே பெரியவர்கள் என்னை உட்கார வைத்துத் தாலியைக் கழற்ற வந்தபோது, போனில் நீங்கள் போட்ட சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது. “நான் முடிச்சுப் போட்ட கழுத்து அது. வேற ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. அவளா எப்பக் கழட்டுறாளோ அப்பக் கழட்டட்டும்” என்றீர்கள். எல்லாரும் விலகிப் போனார்கள். நானாகவே கழற்றினேன், நாற்பது நாள் கழித்து, கதவைச் சாத்திக்கொண்டு.

கல்யாணமான புதிதில் தாலியைத் தங்கக் கொடியில் கோர்த்த மாதம், அந்தப் பழைய மஞ்சள் கயிற்றை ஆற்றில் விடச் சொன்னார்கள். நான் விடவில்லை. முடிச்சில் படாமல் வெட்டி எடுத்து, உங்கள் ஒன்பது பக்கங்களோடு உறையில் வைத்தேன். மஞ்சள் வெளுத்துவிட்டது. மூன்று முடிச்சும் அப்படியே இருக்கின்றன. அவற்றை நான் ஒருநாளும் அவிழ்க்க மாட்டேன். அதை வைத்துக்கொண்டே இதைக் கேட்கிறேன்.

நீங்கள் கூடாது என்றால், கூடாது என்று ஒரு வரி எழுதுங்கள். போனில் வேண்டாம். அதற்குப் பிறகு நான் இதைப் பற்றி எழுத மாட்டேன், உங்கள் மேல் ஒரு குறையும் வைக்க மாட்டேன். பாலை நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

சரி என்று உங்கள் மனம் சொன்னால், வைகாசியில் வாருங்கள். விமானத்தில் தனியாக ஏறப் பயமென்றால் விதுஷா வந்து கூட்டிவருவாள், அவளுக்கு அப்போது விடுமுறை. மாம்பழம் இருக்கும். அன்னாசியும் செய்வேன், உங்கள் கண்ணெதிரே வேகவைத்து.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். திவாகரனுக்கு அக்கா, தங்கை என்று யாருமே இல்லை. மூன்றாவது முடிச்சைப் போட அவர் பக்கம் ஒரு பெண்ணும் இல்லை, மதினி.

உங்கள் பாதங்களைத் தொட்டு, உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,

உங்கள் தம்பி மனைவி
சந்திரகாந்தா